இணையத்தில் கார் ஸ்டீரியோ வாங்குமுன்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2014ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் இருக்கிறது. 'எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்' என்று போட்டு விற்கும் 9 அங்குல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டேஷ்போர்டில் ஸ்டீரியோவுக்கான துளை பொதுவாக இரண்டு அளவுகளில் வரும். ஒற்றை டின் என்றால் 180 × 50 மி.மீ., இரட்டை டின் என்றால் 180 × 100 மி.மீ. ஒன்பது அங்குலத் திரை இந்த இரண்டிலும் அடங்காது. ஆகவே உங்கள் கார் மாடலுக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் பிரேம் கட்டாயம் வேண்டும். ஒரே பெயரில் ஓடும் காருக்கும் தலைமுறை மாறும்போது டேஷ்போர்டு மாறிவிடுவதால், மாடல், ஆண்டு, வேரியண்ட் மூன்றையும் சொல்லித்தான் பிரேம் கேட்க வேண்டும்.

பிரேமைவிட முக்கியமானது கப்ளர், அதாவது காரின் வயரையும் ஸ்டீரியோவையும் இணைக்கும் செருகி. கம்பெனி வயரை வெட்டாமல் அப்படியே செருகக்கூடிய கப்ளர் பெட்டியில் வருகிறதா, ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்கள் வேலை செய்யுமா, அதற்குக் கேன்பஸ் டிகோடர் (காரின் கணினி அனுப்பும் சமிக்ஞையை ஸ்டீரியோவுக்குப் புரியவைக்கும் சிறு பெட்டி) தனியாக வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். வயரை வெட்டி ஒட்டிய காரில் பின்னாளில் மின்கோளாறு வந்தால், வாரண்டியில் சரிசெய்து தர சர்வீஸ் சென்டர் மறுக்க நாமே காரணம் கொடுத்ததாகிவிடும். இவற்றையெல்லாம் நீங்கள் வாங்கும் விற்பனைச் செயலிக்குள்ளேயே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் வாய்மொழியாகச் சொன்னது நாளை சான்றாக நிற்காது.

கேள்வி: 8 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 14, 4 × 50 வாட் என்கிறார்கள், ஆனால் விலையோ பெயர் பெற்ற நிறுவனங்களின் சாதாரண மாடலைவிடக் குறைவு. இது உண்மையாக இருக்குமா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. அமைப்புகள் பக்கத்தில் தெரியும் ஆண்ட்ராய்டு எண்ணையும் ரேம் அளவையும் தயாரிப்பவர் விரும்பியபடி மாற்றி எழுத முடியும். விற்பவர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் அதற்கு மதிப்பே இல்லை. கருவியின் உள்விவரங்களைக் காட்டும் சிபியூ-இசட் அல்லது ஐடா64 செயலியைத் திறந்து, ஏபிஐ நிலையையும் (ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் உள்ள உள் எண்) பிராசஸரின் பெயரையும் காணொளியாகக் காட்டச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 14 என்றால் ஏபிஐ நிலை 34 ஆக இருக்க வேண்டும். 29 என்று வந்தால் அது ஆண்ட்ராய்டு 10. இந்தச் செயலிகளையும் ஏமாற்றும் கருவிகள் உண்டு என்பதால், பிராசஸர் பெயரைத் தனியாகத் தேடி, அந்த வயதுள்ள சிப்பில் அந்தப் பதிப்பு ஓடுமா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வாட் கணக்கைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் பலர் பணத்தை விடும் இடம் இதுதான். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். அதை 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், ஒலி சிதையாமல் வரக்கூடிய உச்ச அளவு கணக்குப்படி ஒரு ஸ்பீக்கருக்கு 26 வாட்டுக்குள்தான். நடைமுறையில் 20 வாட்டை ஒட்டியே கிடைக்கும். ஒலியலையை முழுக்க நசுக்கிச் சதுர அலையாக்கினால் வரும் 52 வாட்டைத்தான் '50 வாட் மேக்ஸ்' என்று அட்டையில் அச்சிடுகிறார்கள். நல்ல நிறுவனங்களும் அந்த மேக்ஸ் எண்ணைப் பெரிதாகப் போடுவதுண்டு, ஆனால் அவை ஆர்.எம்.எஸ். அளவையும், அதாவது தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வாட் அளவையும் தரும். ஆர்.எம்.எஸ். எண்ணே இல்லாத பொருளின் வாட் கணக்கைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: ஐயா, செயலியில் ஆர்டரை ரத்துசெய்துவிட்டு நேரடியாக யுபிஐயில் பணம் அனுப்பினால் 1,500 ரூபாய் குறைத்துத் தருவதாக விற்பவர் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் தயாரானது என்ற விவரங்களைத் தளம் காட்ட வேண்டும். புகார் வந்தால் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தளத்துக்கு வெளியே பணம் கட்டிய நொடியில் அந்தப் பாதுகாப்பை நீங்களே கைவிடுகிறீர்கள். அந்த 1,500 ரூபாய் இதற்கு ஈடாகாது. 'ரீஃபண்ட் அனுப்புகிறேன், யுபிஐ பின் (PIN) எண்ணைப் போடுங்கள்' என்று யாரேனும் சொன்னால் உடனே விலகிவிடுங்கள். பணம் பெற யுபிஐ பின் (PIN) எண் தேவையே இல்லை. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: வந்த பொருளில் பிராசஸர் வேறாக இருக்கிறது. காரில் பொருத்திவிட்டதால் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று அதே விதிகள் கூறுகின்றன. விளம்பரப் பக்கம், பில், பிராசஸர் பெயர் தெரியும் காணொளி ஆகியவற்றைச் சேர்த்து முதலில் தளத்தில் புகார் பதியுங்கள். பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

இனி வாங்குவோர், முத்திரை உடையாத பெட்டியிலிருந்து தொடங்கி ஒரே காணொளியாக எடுங்கள். பிறகு, ஸ்டீரியோவை டேஷ்போர்டில் முடுக்குவதற்கு முன், வெளியே வைத்தபடியே இணைப்புக் கொடுத்து எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். தொடுதிரை, நான்கு ஸ்பீக்கர்கள், ரிவர்ஸ் கேமரா, புளூடூத்தில் பேசும்போது எதிர்முனைக்குக் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்பது வரை பார்த்துவிடலாம்.

கேள்வி: இதில் என் கூகுள் கணக்கைப் போட்டால் ஆபத்தா?

பதில்: உங்கள் முதன்மைக் கணக்கைப் போடாதீர்கள். விற்பனைக்கு வரும் முன்பே தீநிரல் (மால்வேர்) ஏற்றப்பட்ட ஆண்ட்ராய்டு கருவிகளைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தபோது, டிவி பெட்டிகளோடு காரில் பின்னர் பொருத்தும் இன்ஃபோடெயின்மென்ட் கருவிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. புதிதாக ஒரு கணக்குத் தொடங்கிப் பயன்படுத்துங்கள். வங்கிச் செயலிகளை அதில் ஏற்றவே வேண்டாம். வரைபடமும் பாட்டும் போதும் என்பவர்கள், போனை இணைத்து அதன் செயலிகளைத் திரையில் காட்டும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ மட்டும் தரும் நிறுவன ஸ்டீரியோவை வாங்குவதே என் பரிந்துரை.

கேள்வி: ஓடும்போதும் வீடியோ தெரியும்படி ஸ்டீரியோவின் கைபிரேக் வயரை காரின் உலோக பாடியில் கொடுத்துவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன்.

பதில்: கூடாது. கைபிரேக் போட்டிருக்கும்போது மட்டும் வீடியோ தெரிவதற்கான வயர் அது; அதைக் கைபிரேக் சுவிட்சிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பொருத்திய பிறகு, நான்கைந்து நாள் காரை எடுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆவதில்லை.

பதில்: முதலில் மஞ்சள், சிவப்பு வயர்களைப் பாருங்கள். மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள இணைப்புக்கும், சிவப்பு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்புக்கும் செல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் ஸ்டீரியோ முழுதாக அணையாது. அணைத்த பின்னும் 200 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட, ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் மணி போய்விடும். 35 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு வாரம் தாங்காது. காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். வயரிங் சரியாக இருந்தும், ஸ்டீரியோவின் ஃபியூஸைக் கழற்றியவுடன் அளவு இறங்கினால், கோளாறு கருவியில்தான். அந்த அளவீட்டைக் காணொளியாக எடுத்து, வாரண்டி கேட்கும்போது இணைத்து அனுப்புங்கள்.