காரைச் சுவரில் தேக்குப் பலகை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் ஐயா காலத்து வீடு இருக்கிறது. வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய அறையில், முட்டைப் பூச்சுச் சுவரில், புத்தகம் அடுக்குவதற்காக 4 அடி நீளமும் 10 அங்குல அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள தேக்குப் பலகைகளைத் தாங்கி வெளியே தெரியாதபடி பொருத்த விரும்புகிறோம். கடையில் இதை ஃப்ளோட்டிங் ஷெல்ஃப் என்கிறார்கள். சுவர் ஒன்றரை அடிக் கனம். பிளாஸ்டிக் பிளக் அடித்து இரும்புத் தகட்டைத் திருகிவிட்டால் போதும் என்கிறார் பொருத்த வந்தவர். பூச்சு கெட்டுவிடும் என்று அப்பத்தா அஞ்சுகிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: அப்பத்தாவின் அச்சம் முற்றிலும் நியாயமானது. சுண்ணாம்புச் சாந்தைப் பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெண்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய அந்தப் பூச்சை ஒரு சாண் அளவுக்குப் பெயர்த்துவிட்டால், அதே பளபளப்போடு ஒட்டுத் தெரியாமல் திரும்பப் பூசித் தருகிறவர்கள் இன்று மிகச் சிலரே. ஆகவே, பலகை விழாமல் நிற்க வேண்டும் என்பதைப் போலவே, பூச்சில் எத்தனை குறைவான துளை இட முடியும் என்பதும் இங்கே முக்கியம்.

பிளாஸ்டிக் பிளக் ஏன் போதாது என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று உண்டு. நீங்கள் சொல்லும் அளவில் ஒரு தேக்குப் பலகையே சுமார் 8 கிலோ இருக்கும்; அதன் மீது நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் 30 கிலோவை எளிதாகத் தொடும். இந்த 38 கிலோவும் சுவரிலிருந்து சராசரியாக 5 அங்குலம் தள்ளி நிற்கிறது. பலகையின் கனத்துக்குள் மறைய வேண்டிய தகட்டிலோ, திருகாணிக்கும் தகட்டின் கீழ் விளிம்புக்கும் இடையே 1 அங்குலம்தான் கிடைக்கும். கடப்பாரையால் கல்லை நெம்புவது போல, அந்தச் சுமை ஐந்து மடங்காகி, ஏறத்தாழ 190 கிலோ விசையோடு திருகாணிகளைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும். இரண்டு அங்குல பிளக்கில் பாதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். என் தொழிலின் தொடக்கத்தில் உறவினர் வீடொன்றில் நானே இப்படிப் பொருத்தியிருக்கிறேன். நான்காம் மாதம் பலகையோடு ஒரு முழ அகலத்துக்குப் பூச்சும் பெயர்ந்து விழுந்தது. ஆளுக்கு அடிபடவில்லை, ஆனால் அந்த வெள்ளைச் சுவரில் இன்றும் இருக்கும் ஒட்டைக் காணும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

உங்கள் சுவரின் கனம் உங்களுக்குப் பெரும் வரம். தகட்டை விட்டுவிட்டு 12 மில்லி மீட்டர் இரும்புக் கம்பிகளைப் பயன்படுத்துங்கள். ஒரு பலகைக்கு மூன்று கம்பிகள் போதும்; ஒவ்வொன்றும் பூச்சைத் தாண்டிச் செங்கல் கட்டுக்குள் 6 அங்குலமும், பலகைக்குள் ஆறரை அங்குலமும் செல்ல வேண்டும். இவ்வளவு ஆழம் போன கம்பியில், பிடுங்கும் விசையின் பெரும்பகுதி செங்கல்லை மேலும் கீழும் அழுத்தும் விசையாக மாறிவிடுகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் பழைய செங்கல் கட்டு சளைத்ததல்ல.

துளையிடுவதில்தான் பொறுமை வேண்டும். முதலில் துளை விழும் இடத்தில் காகித நாடாவை ஒட்டிக்கொண்டால் பூச்சின் விளிம்பு சிதறாது. இயந்திரத்தின் சுத்தியல் விசையை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில், மெல்லிய பிட்டால் சோதனைத் துளை போட்டு, வெளிவரும் தூளைப் பாருங்கள். சிவந்த தூள் வந்தால் செங்கல்லில் இருக்கிறீர்கள். வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தால் இரு செங்கற்களுக்கு இடைப்பட்ட சாந்தில் இருக்கிறீர்கள். பழைய வீட்டுச் செங்கற்கள் தட்டையானவை என்பதால், சாந்தில் விழுந்துவிட்டால் அரை அங்குலம் மேலோ கீழோ நகர்ந்தாலே செங்கல் கிடைத்துவிடும். பலகையின் கனம் அந்தச் சோதனைத் துளையை மறைத்தும் விடும். இடம் உறுதியான பிறகு 16 மில்லி மீட்டருக்குப் பெரிதாக்கி, தூளை முழுவதும் ஊதி வெளியேற்றி, கெமிக்கல் ஆங்கர் எனப்படும் பசையை உட்கோடியிலிருந்து நிரப்பிக் கம்பியைச் செலுத்துங்கள். தூள் தங்கிய துளையில் பசை தூளைத்தான் பிடிக்குமே தவிரச் செங்கல்லைப் பிடிக்காது. கம்பியின் வெளிநுனி இம்மியளவு மேல்நோக்கி இருக்கட்டும். சுமை ஏறியதும் அது மட்டத்துக்கு வந்துவிடும். பசை முழுவதும் இறுகும் வரை, ஒரு நாளாவது, கம்பியைத் தொடாதீர்கள்.

பலகையில் போடும் துளைகள் ஒன்றுக்கொன்று இம்மியும் விலகாமல் இணையாக இருக்க வேண்டும் என்பதால், அவற்றைக் கையில் பிடித்துப் போடாமல், நிலையான துளையிடும் இயந்திரம் உள்ள பட்டறையில் போட்டு வாங்குங்கள். கம்பியைப் பலகைக்குள் பசையிட்டு ஒட்ட வேண்டாம். மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அகலவாக்கில், பங்குனி, சித்திரை வெயிலில் சுருங்கி, ஐப்பசி, கார்த்திகை மழையில் விரியும். கம்பியும் அகலவாக்கில் செல்வதால், ஒட்டிவிட்டால் மரம் நகர வழியின்றி வெடிக்கக்கூடும். நடுக் கம்பியின் நுனியில் மட்டும் ஒரு துளி சிலிக்கான் வைத்தால் பலகை வழுக்கி வராது.

பலகைக்கும் சுவருக்கும் இடையே 2 மில்லி மீட்டர் இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது; அதை மரத்தால் அடைக்கக் கூடாது. அந்த இடைவெளியைச் சிமெண்டாலோ ஒயிட் சிமெண்டாலோ நிரப்புவதை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். துளையின் வாய் கொஞ்சம் உடைந்திருந்தால் நீற்றி வடிகட்டிய சுண்ணாம்புக் களிம்பே போதும்.

கேள்வி: பிரித்த வீட்டிலிருந்து வரும் பழைய பர்மா தேக்கு வாங்குவதா, புதிதாகக் கன அடிக் கணக்கில் வாங்குவதா? வேங்கை மலிவாகக் கிடைக்கிறது, அது ஆகுமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: பழைய மரத்துக்கே என் வாக்கு. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. அதனால் 'பர்மா தேக்கு' என்று புதிதாகச் சொல்லப்படும் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த கைமரமோ, புதுத் தேக்கைப் போல முறுக்கிக்கொள்ளாது. ஆனால் ஒன்று: செதுக்கு வேலை உள்ள தூணையும் நிலையையும் பலகைக்காக அறுக்கச் சொல்லாதீர்கள். அதைச் செய்த ஆசாரியின் கை இனி வராது. வேலைப்பாடில்லாத கைமரங்களும் சட்டங்களுமே பலகைக்குத் தாராளமாகப் போதும்.

வாங்கும்போது காந்தத்தை மரத்தின் மீது ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி வாளின் பல்லைக் கெடுக்கும், அறுப்பவரின் கண்ணுக்கும் ஆபத்து. வெளிறிய வெள்ளைப் பகுதியில் வண்டு துளைக்கும் என்பதால் வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். பலகையின் தலைப்பில் வளையக் கோடுகள் நிமிர்ந்து நின்றால், படுத்திருக்கும் கோடுகளைக் காட்டிலும் அது குறைவாகவே வளையும். அறுத்த பலகைகளை, இடையில் குச்சிகள் வைத்து, பொருத்தப்போகும் அறையிலேயே மூன்று வாரம் கிடத்திவிட்டு இழைக்கச் சொல்லுங்கள்.

வேங்கை உறுதியான மரம்தான். ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். வெள்ளைச் சுவருக்கு அது ஆகாது. பலா கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் தரைக்குத் தேய்ப்பது போலத் தேங்காய் எண்ணெயையே பலகைக்கும் தேய்க்கலாமா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: வேண்டாம். தேங்காய் எண்ணெய் மரத்தில் இறுகாது. பிசுபிசுப்பாகவே நின்று தூசியைப் பிடிக்கும், புத்தகத்தின் அடியில் கறை ஏற்றும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே நன்றாகக் காயவிட்டுத் தேயுங்கள். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. வெளியே கொடியில் விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

கேள்வி: காரைக்குடியில் புது அடுக்ககத்தில் இருக்கிறோம். சுவர் நான்கு அங்குல ஹாலோ பிளாக். எங்களுக்கும் இதே முறை சரிப்படுமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: புத்தகச் சுமைக்குச் சரிப்படாது. உள்ளே வெற்றிடமுள்ள நான்கு அங்குலச் சுவரில் 6 அங்குலக் கம்பிக்கு இடமேது? அறையில் கான்கிரீட் தூணோ உத்திரமோ இருக்கும் பக்கத்தைப் பாருங்கள், அங்கே பொருத்தலாம். இல்லையென்றால் கீழே முட்டுத் தெரியும்படியான, நீளமான கால் உள்ள எல் வடிவத் தாங்கியே நல்லது. அந்தத் தாங்கியையும் தேக்கிலேயே செய்து வாங்கினால் பார்க்கவும் அழகாக இருக்கும்.