பார்டர் மார்க்கில் நிற்பவர்களுக்கு: பொறியியல் கலந்தாய்வு கேள்வி பதில்

குன்னூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: என் மார்க்குக்கு இந்தக் கல்லூரி கிடைக்குமா? ஆரம்பிக்கும் முன் வழக்கமான பல்லவி: கலந்தாய்வு பாஸ்வேர்டையும் ஓடிபியையும் பிரௌசிங் சென்டரில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கோத்தகிரி மாணவி: கணக்கு 92, இயற்பியல் 88, வேதியியல் 90. கட்ஆஃப் (கணக்கு முழுதாக, மற்ற இரண்டிலும் பாதி) 181. நான் கேட்கும் கல்லூரி போன வருடம் 181.5-இல் முடிந்துவிட்டது. விருப்பப் பட்டியலில் போடலாமா சார்?

தாராளமாகப் போடும்மா. 181.5 என்பது அங்கே கடைசியாகச் சேர்ந்தவரின் கட்ஆஃப், அவ்வளவுதான். வருடா வருடம் ஏறும், இறங்கும். அதைவிட, அந்தக் கடைசி ஆளின் ரேங்க் என்ன என்று பார். எல்லாருக்கும் மார்க் அள்ளிக்கொடுத்த வருடத்தில் 181 பின்னால் போய்விடும். ரேங்க் அப்படி ஏமாற்றாது.

அப்புறம், அதே 181-இல் உன்னோடு ஒரு கூட்டமே நிற்கும். அவர்களைப் பிரிக்க முதலில் கணக்கு மார்க், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எதிலுமே பிரியவில்லை என்றால் கடைசியில்தான் ரேண்டம் எண், அதாவது ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகக் கொடுத்த எண். அதில் பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. மறுமதிப்பீடு கேட்பதானால் முதலில் விடைத்தாள் நகலை வாங்கிப் பார். கணக்கில் ஒரு மார்க் கூடினால் கட்ஆஃபில் முழுதாக ஒன்று கூடும். இயற்பியலிலும் வேதியியலிலும் அரைதான்.

ஊட்டி, ஒரு தந்தை: எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகும் என்று சென்டரில் சொன்னார்களே?

வீணாகாது.

அதே தந்தை: என் மச்சான் பையனுக்கு அப்படித்தான் ஆயிற்று சார்.

சரி, கேளுங்கள். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில்தான் ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் பையன் முறை வந்ததும் அவன் பட்டியலை மேலிருந்து பார்க்கும். முதலாவது நிரம்பிவிட்டதா, இரண்டாவது. அதுவும் இல்லையா, மூன்றாவது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் சீட் காலியா என்று பார்க்கிறீர்கள். இல்லையென்றால் பக்கத்து சீட்டில் உட்காருகிறீர்கள். ஜன்னலைப் பார்த்த குற்றத்துக்குக் கண்டக்டர் உங்களை இறக்கிவிடுகிறாரா?

கூடலூர், இன்னொரு தந்தை: நான் ஊட்டிக்காரர் பக்கம். ஒரு கல்லூரியை முதலாவதாகப் போட்டவனுக்குத்தானே அங்கே இடம் தர வேண்டும்? அதுதான் நியாயம்.

நியாயமோ இல்லையோ, விதி அதுவல்ல. ரேங்க்கில் முந்தியவன் அதைப் பதினேழாவதாகப் போட்டிருந்தாலும், அவன் முறையில் மேலே உள்ள பதினாறும் நிரம்பியிருந்தால் இடம் அவனுக்குத்தான். மச்சான் பையன் எத்தனை கல்லூரி போட்டான் என்று ஊட்டிக்காரரைக் கேட்டேன். ஆறாம்! பார்டரில் நிற்கிற பையன் ஆறோடு நிறுத்தலாமா? எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆசைப்பட்ட வரிசையில் போடுங்கள், கீழே நீளமாகப் போடுங்கள்.

மஞ்சூர் மாணவர்: அரசுப் பள்ளி. தனி ஒதுக்கீடு உண்டா?

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீதம் தனியாக உண்டு தம்பி, பொறியியலுக்கு 2021 முதல். கல்விக் கட்டணத்தை அரசே கட்டும்.

குன்னூர்: 179.5-க்கு நான் கேட்கும் கல்லூரி கிடைக்குமா? அரவங்காடு: 180-க்கு? கேத்தி: 180.5-க்கு?

கோத்தகிரிப் பெண்ணுக்குச் சொன்னதைப் படியுங்கள். மூன்று பேருமே.

கோத்தகிரி: நீட் மார்க் பார்டரில்...

அது என் கடைச் சரக்கில்லை.

பந்தலூர் மாணவி: கடைசி நாள் சாயங்காலம் போட்டால் போதுமா?

உங்கள் ஊர் ஜூலை மழை உனக்குத் தெரியாதா? ஒரு மரம் விழுந்தால் கரண்டும் போகும், டவரும் போகும். முதல் நாளே போட்டுவிடு. மாற்ற வேண்டுமானால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

ஊட்டித் தந்தை மறுபடி: பஸ் கணக்கு புரிந்தது சார். பட்டியலை மாற்றலாம் என்றால் பாஸ்வேர்டு சென்டரில் இருக்கிறது.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். அவர்கள் ஏற்கெனவே எதையாவது போட்டு, இனி மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.