கேள்வி மேடை: ஆன்மா அழியாதது என்று நிறுவ முடியுமா?

பழைய சட்டையைக் கழற்றிப் புதுசு போடுவதுபோல ஆன்மா உடல் மாறுகிறது என்று கீதையே சொல்லிவிட்டதே. அப்புறம் வாதம் எதற்கு?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

கீதை 2:22 உவமைதான் சொல்கிறது. நம்புகிறவருக்கு அது விளக்கம், நம்பாதவரிடம் எடுபடாது. போதாக்குறைக்கு, அதே துணியை வைத்து எதிர்வாதமும் உண்டு. பிளேட்டோவின் 'ஃபீடோ' என்ற உரையாடல் நூலில், சாக்ரடீஸ் நஞ்சருந்தும் நாளில் (கி.மு. 399), கெபெஸ் என்ற நண்பர் ஒரு கிழ நெசவாளியைக் காட்டுகிறார். தானே நெய்த போர்வைகளை ஒவ்வொன்றாக உடுத்திக் கிழித்தவர். ஆனால் கடைசியாக நெய்தது கிழியுமுன் அவர் போய்விட்டார், போர்வை கிடக்கிறது. ஆன்மாவும் பல உடல்களைத் தேய்த்துவிட்டு, கடைசி உடலோடு தானும் முடியலாம் அல்லவா? தறிச் சத்தம் கேட்கும் உங்கள் பேட்டையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நீண்ட ஆயுள் வேறு, அழியாமை வேறு.

சாக்ரடீஸின் பதில்: ஆன்மா எங்கே போனாலும் உயிரைக் கொண்டுபோகிறது, ஆகவே நெருப்பு குளிரை ஏற்காததுபோல அது சாவை ஏற்காது. இங்கேதான் இடறுகிறது. நெருப்பு குளிராகாது, சரி. ஆனால் அணைந்துபோகுமே! 'செத்த ஆன்மா' என்று ஒன்று இருக்க முடியாது என்பது வரை வாதம் நிற்கிறது. ஆன்மா என்றும் இருக்கும் என்பது தனியே நிறுவப்பட வேண்டியது. கெபெஸ் அந்த இடத்தில் சட்டென்று ஒப்புக்கொண்டுவிடுகிறார். கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கலாம்.

அழிவது என்றால் பகுதி பகுதியாகச் சிதைவது. ஆன்மாவுக்குப் பகுதி கிடையாது. எனவே அழியாது. இதில் ஓட்டை இருக்கிறதா?
– வாசகர், ஏற்காடு

இருக்கிறது. 1767-இல் ஜெர்மன் தத்துவவாதி மெண்டல்சோன் இந்த வாதத்தைத் தீட்டினார்: பகுதியற்றது படிப்படியாகத் தேய முடியாது, இருப்பிலிருந்து இன்மைக்கு ஒரே தாவலில் போவதும் இயற்கையில் இல்லை. 1787-இல், 'தூய அறிவின் விமர்சனம்' இரண்டாம் பதிப்பில், இன்னொரு ஜெர்மன் தத்துவவாதியான காண்ட் கை வைத்தது முதல் பாதியில். இடத்தை அடைக்கும் பகுதிகள் இல்லாவிட்டாலும் உணர்வுக்குச் செறிவு உண்டு, அது கூடும் குறையும். தூக்கம் கண்ணைச் சுற்றும்போது பாருங்கள்: துண்டாக எதுவும் கழன்று விழுவதில்லை, உணர்வு மங்குகிறது. அப்படியே மங்கிச் சுழியாகிவிட்டால்?

பிறந்த குழந்தை பால் தேடுவது முற்பிறவிப் பழக்கத்தால் என்கிறார்களே?
– வாசகர், அஸ்தம்பட்டி

இந்தியத் தர்க்க மரபின் மூலநூலான நியாய சூத்திரத்தின் வாதம். இரும்பு காந்தத்தை நாடுவதுபோல அதுவும் இயல்புதானே என்ற ஆட்சேபத்தையும் அந்நூலே எடுத்துப் பேசுகிறது. இன்றைய மருத்துவர் அனிச்சைச் செயல் என்பார். வாதத்தை ஏற்றாலும் 'முன்பு இருந்தது' என்பதோடு சரி. 'இனியும் இருக்கும்' என்ற பாதி பாக்கி.

எதிர்த்தரப்பு தமிழில் உண்டா?
– வாசகர், செவ்வாப்பேட்டை

மணிமேகலை 27-ஆம் காதையில் பூதவாதி, அதாவது எல்லாமே பூதங்களின் சேர்க்கை என்பவன், பேசுவதைப் படியுங்கள். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றோடு கூட்டினால் கள்ளின் களிப்பு பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும். அவை பிரிந்தால் பறையோசைபோல் கெடும் என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் (ஊகித்து அறிவதால்) அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். நல்ல அடி. ஆனால் அது விழுவது 'கண்ணால் கண்டதே பிரமாணம் (அறிவுக்கு ஆதாரம்)' என்ற அவன் கொள்கைமேல். கள் உவமைமேல் அல்ல. தவிர, அவள் சேரும் பௌத்தமே நிலையான ஆன்மாவை ஏற்பதில்லை.