முழுமையான பள்ளிக் கல்வி: ஜனவரியில் பி.இ.டி. பீரியட் நடக்கிறதா?

மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போகிறீர்கள். படிப்போடு மற்றதெல்லாம் சேர்ந்து கிடைக்கும் பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 19 வருடமாகக் கணக்கு டீச்சர், பெரும்பாலும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எந்தப் பள்ளியின் டைம்டேபிளை வாங்கிப் பார்த்தாலும் பி.இ.டி. என்கிற உடற்கல்வி, ஓவியம், நூலகம், நீதிபோதனை எல்லாம் இருக்கும். அரையாண்டு லீவு முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்த பிறகு அவை என்ன ஆகின்றன என்று பாருங்கள். முதலில் போவது பி.இ.டி. அப்புறம் ஓவியம். நூலக பீரியட் போனால் கேட்க ஆளே இருக்காது. "சார், இன்னிக்கு உங்க பீரியட் எனக்குக் குடுங்க" என்று நானே எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை.

வாங்கி என்ன செய்தேன்? பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்தால் 16 மார்க். பாஸாக 35 வேண்டும். மெல்லக் கற்கும் பிள்ளைகளை அந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் போட வைத்தால் பாஸ் மார்க்கில் கிட்டத்தட்ட பாதி தேறிவிடும். வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொன்னால் அவர்கள் கை பாட்டுக்குப் போகும். இந்த வில்லை ஏன் இங்கே வெட்டினாய் என்று கேட்டால் முழிப்பார்கள்.

ஒரு வருடம் விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் மைதானப் பக்கம் போனேன். பி.இ.டி. சார் பையன்களை வைத்து 200 மீட்டர் டிராக் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஆணி, அதில் கயிறு, கையில் சுண்ணாம்புப் பொடி. கயிற்றைப் பிடித்திருந்தவன் என் வகுப்பில் 20 மார்க்கைத் தாண்டாத பையன். என்னடா கணக்கு இது என்றேன். "ரெண்டு நேர்க்கோடும் நாப்பது நாப்பது, டீச்சர். மிச்சம் 120 ரெண்டு வளைவுக்கும். அதுக்கு ஆரம் 19.10 வரும். ஆனா ஓடுறவன் கோட்டு மேலயா ஓடுவான்? முப்பது சென்டிமீட்டர் தள்ளித்தான ஓடுவான். அதான் கயிறு 18.80." வெளி வளைவு நீளம் என்பதால் இரண்டாவது லேன்காரனை ஏழு மீட்டர் நாலு சென்டிமீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். லேன் அகலம் 1.22 மீட்டர். இரண்டாவது லேனில் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளக்கிறார்கள். ஆக ஆரம் 1.22 + 0.20 − 0.30 = 1.12 மீட்டர் கூடுகிறது, அதை 2π-ஆல் பெருக்கினால் 7.04. ஒரு முழுச் சுற்று ஓட்டம் என்றால் 200 மீட்டர் டிராக்கானாலும் 400 மீட்டர் டிராக்கானாலும் அதே 7.04தான்! வட்டத்தின் சுற்றளவை அத்தனை வருடம் நடத்தியும் இதை நான் யோசித்ததே இல்லை. அடுத்த வருடம் அந்தப் பாடத்தை மைதானத்தில் வைத்துத்தான் நடத்தினேன். அந்தப் பையன் பொதுத்தேர்வில் 41 வாங்கினான். பெரிய மார்க் இல்லைதான். ஆனால் ஆரம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும்.

கணக்குக்கு உதவியது என்பதால்தான் பி.இ.டி. வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சும்மா கோ-கோ ஆடிவிட்டு வியர்வையோடு வந்து உட்கார்ந்தாலும் அது அவர்களுடைய நேரம். அதை எடுக்க எனக்கு உரிமை கிடையாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே குழந்தையின் முழு வளர்ச்சி என்பது எழுதப்பட்டிருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்களாவது வேண்டும் என்கிறது. தமிழக அரசுப் பள்ளிகளுக்கு 2012-ல் அப்படி 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டமும் தொடர்ந்தது. ஓவியம் சொல்லித்தர வருபவரைப் பாதி ஆளாக வைத்திருந்தால், அந்தப் பாடத்தைப் பிள்ளை எப்படி முழுப் பாடமாக நினைக்கும்? எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

சரி, நீங்கள் என்ன பார்க்கலாம்? ஸ்டேட் போர்டா சிபிஎஸ்இ-யா என்பதை அப்புறம் யோசிக்கலாம். நூலகத்தில் பிள்ளைகள் புத்தகம் எடுத்த பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசித் தேதி எது என்று பாருங்கள். மேல்நிலைப் பள்ளியாக இருந்தால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று விசாரியுங்கள். அதைத் தாண்டி நேரே பன்னிரண்டுக்குப் போகும் பழக்கம் பல இடங்களில் இருந்தது. 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை என்பதால் இதை இப்போது நாம்தான் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் அலுவலகத்தில் மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பள்ளியில் பத்தாவது படிக்கும் பிள்ளை உங்கள் தெருவில் யாராவது இருக்கும். போன வாரம் பி.இ.டி. பீரியடில் என்ன செய்தீர்கள் என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்.