பழைய பியூட்டர் (வெள்ளீயக் கலவை) குவளைகளையும் பயணிகள் கப்பல் நினைவுப் பொருட்களையும் சேகரிக்க ஆசை. வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முத்திரையைப் பாருங்கள். பளபளப்பு, விற்பவர் சொல்லும் கதை எல்லாம் அப்புறம். நான் இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் பழம்பொருள் கண்காட்சிகளிலும் இந்த இரண்டையும் பல வருடங்களாகத் தேடித் தேடி வாங்குகிறேன். பொருளின் மேல் என்ன பதிந்திருக்கிறதோ அதற்கு மட்டும் பணம் கொடுங்கள், வாயால் சொல்லும் வரலாற்றுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் இதுதான் என் அறிவுரை.

முதலில் குவளை. பியூட்டரில் பெரும்பங்கு வெள்ளீயம். பழைய காலத்தில் அதில் காரீயமும் கலந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷெஃபீல்டில் காரீயத்துக்குப் பதில் ஆண்டிமணி சேர்த்த ‘பிரிட்டானியா மெட்டல்’ வந்தது. நம் வீட்டு ஈயச்சொம்பைப் போலவே இதையும் வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகி உட்கார்ந்துவிடும். காரீயம் அதிகம் உள்ள பழைய குவளையை வெள்ளைத் தாளில் இழுத்தால் கரிய கோடு விழும். அப்படி விழுந்தால் அது பார்க்க மட்டும். அதில் எதையும் ஊற்றிக் குடிக்க வேண்டாம்.

லண்டன் பியூட்டர் வினைஞர் சங்கம் 1474லேயே அரச சாசனம் பெற்றது. ஒவ்வொரு கொல்லரும் தன் முத்திரையைச் சங்கத்தின் தகட்டில் அடித்துப் பதிவு செய்ய வேண்டும். பழைய தகடுகள் 1666 தீ விபத்தில் போய்விட்டன. அதற்குப் பிறகானவை இருக்கின்றன, அவற்றை வைத்துப் பல கொல்லர்களை இன்றும் அடையாளம் காணலாம். ஆனால் மதுக்கடைக் குவளைகளில் எனக்கு இதைவிடப் பிடித்தது விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் அளவு முத்திரை. 1826 முதல் நாடு முழுவதும் ஒரே பைண்ட், இன்றைய கணக்கில் 568 மில்லி. அளவு சரியா என்று அதிகாரி சோதித்து முத்திரை குத்துவார். 1879 முதல் அந்த முத்திரையில் கிரீடம், ஆட்சியில் இருப்பவரின் எழுத்து, ஊருக்கு உரிய எண் மூன்றும் இருக்கும். விக்டோரியா என்றால் வி.ஆர்., எட்வர்டு என்றால் இ.ஆர்., ஜார்ஜ் என்றால் ஜி.ஆர். ஒரே குவளையில் இந்த மூன்றும் வரிசையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அத்தனை வருடம் அது ஒரு கடையில் உழைத்திருக்கிறது! எண்ணை வைத்து எந்தப் பகுதிக் கடை என்றும் கண்டுபிடிக்கலாம். திருட்டுப் போகாமல் இருக்கக் கடைக்காரர்கள் தங்கள் பெயரையும் கடைப் பெயரையும் வெட்டி வைப்பதும் உண்டு. அப்படிப் பெயர் வெட்டிய குவளை நசுங்கியிருந்தாலும் நான் விடமாட்டேன்.

அடியில் கண்ணாடி பதித்த குவளைகளைக் காட்டி ஒரு கதை சொல்வார்கள். கடற்படைக்கு ஆள் பிடிப்பவர்கள் பியருக்குள் அரசரின் ஷில்லிங்கைப் போட்டுவிடுவார்களாம் (அந்த நாணயத்தை வாங்கினால் படையில் சேர்ந்ததாக அர்த்தம்), அதைப் பார்த்துக்கொள்ளத்தான் கண்ணாடியாம். பலவந்தமாக இழுத்துப் போக அதிகாரம் இருந்தவர்களுக்கு நாணயத் தந்திரம் எதற்கு? இந்தக் கதைக்காக ஒரு பவுண்டுகூட அதிகம் தராதீர்கள்.

வாங்கிய பிறகு பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், முத்திரை மழுங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி போதும். ஓக் மர அலமாரியில் வைக்காதீர்கள். அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவி காரீயத்தை அரிக்கும்.

சரி, கப்பலுக்கு வருவோம். கப்பலுக்குள் இருந்த கடைகளில் பெயர் பொறித்த பியூட்டர் குவளைகளையும் விற்றார்கள். இரண்டு ஆசையும் ஒரே பொருளில் சேர்வதால் நான் அவற்றை விரும்பி வாங்குவேன். ஆனால் கப்பல் பொருட்களில்தான் பொய் அதிகம், அதுவும் டைட்டானிக் பெயரில். டைட்டானிக்கை இயக்கிய ஒயிட் ஸ்டார் நிறுவனம் தன் தட்டுகளிலும் கரண்டிகளிலும் பொதுவாகக் கப்பல் பெயரைப் போடவில்லை. நிறுவனத்தின் கொடிதான் இருக்கும், எந்தக் கப்பலுக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே ‘டைட்டானிக் தட்டு’ என்று யாராவது நீட்டினால், அது அங்கே இருந்ததற்கு எழுத்துச் சான்று கேளுங்கள். உண்மையானவற்றின் விலை நமக்கு எட்டாது. இசைக்குழுத் தலைவர் வாலஸ் ஹார்ட்லியின் வயலின் 2013இல் 9 லட்சம் பவுண்டுக்குப் போனது.

டைட்டானிக்கின் சகோதரிக் கப்பல் ஒலிம்பிக்கைத் தேடுவது நல்லது. 1911இல் ஓடத் தொடங்கி 1935 வரை உழைத்த கப்பல். உடைப்பதற்கு முன் அதன் மரவேலைகளை ஏலம் விட்டார்கள். வட இங்கிலாந்தில் ஆனிக் (Alnwick) ஊரில் உள்ள ஒயிட் ஸ்வான் ஹோட்டலின் ஒரு கூடம் இன்றும் அந்தப் பலகைகளோடு நிற்கிறது. டைட்டானிக் உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று உணர விரும்புபவர்கள் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காலம் கணிக்க நிறுவனத்தின் பெயரே உதவும். குனார்டும் ஒயிட் ஸ்டாரும் 1934இல் இணைந்தன; 1950 முதல் மறுபடியும் குனார்டு மட்டும். குயின் மேரி கப்பலின் உணவுப் பட்டியலில் ‘குனார்ட் ஒயிட் ஸ்டார்’ என்று அச்சாகியிருந்தால் அது அந்த இடைக்காலத்தது. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பின்பக்கம் முழுக்க ஒரே மேசையில் சாப்பிட்டவர்களின் பென்சில் கையெழுத்து. விலை என்னவோ குறைவுதான், எனக்கு அது பொக்கிஷம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உணவுப் பட்டியல், பெட்டியில் ஒட்டும் சீட்டு, பயணிகள் பட்டியல் போன்ற காகிதங்களை வாங்குங்கள். கப்பல் பெயரும் தேதியும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு குஜராத்தின் அலங் இருக்கிறது. 1962இல் ஓடத் தொடங்கி, பிறகு நார்வே என்று பெயர் மாறிய ‘பிரான்ஸ்’ கப்பலை அங்கேதான் உடைத்தார்கள். உடைக்கும் கப்பல்களின் பொருட்களை விற்கும் கடைகள் அலங் போகும் சாலையில் வரிசையாக உண்டு.

தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ‘ரஜுலா’ பல தலைமுறைகளைச் சுமந்த கப்பல். தாத்தாவின் பயணச்சீட்டோ பெட்டிச்சீட்டோ கிடைத்தால் லாமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். அமிலமில்லாத உறையில் போட்டு, யார், எந்த வருடம் போனார் என்று தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள்.