ஊழியர் செய்தார் என்றால் போதுமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,
என் மகள் நகரசபைத் தேர்தலில் நிற்க விரும்புகிறாள். சிற்றூர் மேயராகத் தொடங்கி கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றம் சென்ற ஸ்டீவ் கிளார்க்கை அவளுக்கு முன்மாதிரியாகச் சொல்லலாமா? டொராண்டோவைச் சுற்றியுள்ள கிரீன்பெல்ட் என்னும் பாதுகாக்கப்பட்ட நிலத்தை வீடு கட்ட விடுவித்த விவகாரத்தில் ஊழியர் செய்த தவறுக்கு அவர் பலியானார் என்றே நினைக்கிறேன். நகரசபையில் தொடங்குவது நல்லதா, நேராக மாகாணத்துக்குப் போவதா?
— ஒரு வாசகர், அஜாக்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

மகளுக்கு என் ஆசிகள். எங்கே தொடங்குவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். கிளார்க்கைப் பற்றிச் சில காலமாகவே யோசித்து வருகிறேன். அதனால்தான் நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் தீர்ப்பைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

1982இல், 22 வயதில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ப்ராக்வில் நகரின் மேயரானார். அன்று கனடாவிலேயே மிக இளைய மேயர் அவர். 2010 இடைத்தேர்தலில் சட்டமன்றம் சென்று, 2018இல் நகராட்சி மற்றும் வீட்டுவசதி அமைச்சரானார். தேர்தல் வேலைகள் தொடங்கிவிட்ட நேரத்தில் டொராண்டோ மாநகரசபையை 47 இடங்களிலிருந்து 25ஆகச் சுருக்கிய சட்டமும் அவர் கொண்டுவந்ததுதான். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

விட முடியாதது கிரீன்பெல்ட். 2022 நவம்பரில் அந்தப் பாதுகாக்கப்பட்ட நிலத்திலிருந்து சுமார் 7,400 ஏக்கர் வீடு கட்ட விடுவிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதில் மிகப் பெரிய பகுதி உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் டஃபின்ஸ் ரூஜ் வேளாண் காப்பகம். நில உரிமையாளர்களுக்கு 8 பில்லியன் டாலருக்கு மேல் மதிப்பு உயரக்கூடும் என்றது கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை. இடங்களில் பெரும்பாலானவற்றைத் தேர்ந்தவர் அமைச்சரின் தலைமை உதவியாளர். அவரைக் கண்காணிக்கத் தவறியதன் மூலம் உறுப்பினர் நேர்மைச் சட்டத்தை அமைச்சரே மீறினார் என்று நேர்மை ஆணையர் 2023 ஆகஸ்டில் முடிவு செய்தார்.

நீங்களோ ஊழியரைக் கைகாட்டுகிறீர்கள். மகளுக்கு இதையா கற்பிக்கப் போகிறீர்கள்? ஒரு வயலை வீட்டு மனையாக மாற்ற வேண்டுமென்றால் நகரசபை அறிவிப்பு வெளியிட வேண்டும், பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், பக்கத்து நிலத்துக்காரர் எழுந்து கேட்கும் கேள்வியைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். சிற்றூரில் அது யாருடைய நிலம், விற்றால் யாருக்கு இலாபம் என்பது எல்லோருக்கும் தெரியும். இதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் தலைமை இருக்கையிலிருந்து பார்த்தவர், ஆயிரக்கணக்கான ஏக்கர் தன் மேசைக்கு வந்தபோது "இது யாருடைய நிலம், யார் கேட்டார்கள்?" என்று துருவாமல் இருந்ததை அனுபவமின்மை என்று மன்னிக்க வழியே இல்லை. கேட்கத் தெரிந்தவர் கேட்காமல் இருந்தார். என் ஆற்றாமையெல்லாம் அதுதான்.

2023 செப்டம்பர் 4 அன்று பதவி விலகினார்; அதே மாதம் அரசு திட்டத்தையே கைவிட்டது. மறு ஆண்டே அவர் சட்டமன்றத்தில் அரசின் அலுவல்களை நடத்தும் அரசின் சபைத் தலைவராகத் திரும்பிவிட்டார் என்பதால், பலியானார் என்ற உங்கள் இரக்கமும் தேவையற்றது.

நில வகைமாற்று விண்ணப்பம் விவாதத்துக்கு வரும் நாளில் மகளை நகரசபைக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்று, கடைசிவரை உட்கார்ந்திருங்கள்.