வாசகர் கேள்வி-பதில்: அகழிக்குள் நிற்கும் வீடுகள்

பிள்ளைகளைப் பார்க்க பெல்ஜியம் போகிறோம், அங்கே ஒல்லாந்த மொழி பேசும் வடபகுதியான பிளாண்டர்ஸின் நாட்டுப்புறத்துக் கோட்டைகளை எப்படிப் பார்ப்பது என்று திருகோணமலைப் பக்கமிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழில் அவற்றுக்கான பதில்கள்.

மே மாதம் லூவனில் மகள் வீட்டில் மூன்று கிழமை நிற்கப்போகிறோம். அங்கே சொல்லும் 'காஸ்டேல்' எங்கள் பிரெட்ரிக் கோட்டை மாதிரியா? முதலில் எதைப் பார்க்கலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி

இல்லை ஐயா. பிரெட்ரிக் கோட்டை துறைமுகத்தைக் காக்க எழுந்தது. போர்த்துக்கேயர் 1624இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1639இல் பிடித்தார்கள். மதிலும் பீரங்கி மேடையும்தான் அதன் உயிர். காஸ்டேல் என்பது ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு. தொடக்கத்தில் காவல் வீடாக இருந்தவை பல. பீரங்கிக்கு முன்னால் அந்தச் சுவர்கள் நிற்காது என்றானபின், பிரபுக்கள் யன்னல்களைப் பெரிதாக்கி, சுற்றிவரச் சோலை நட்டு, வேனிற்கால மாளிகையாக்கிக்கொண்டார்கள். ஆகவே மதிலைத் தேடாதீர்கள். தண்ணீரையும், மரச்சாலையையும், தோட்டத்துச் சுவரையும் பாருங்கள்.

முதலில் காஸ்பேக். பிரசல்ஸுக்குத் தென்மேற்கே மேடுபள்ளமான வயல்வெளிக்குள் இருக்கிறது. 1240 அளவில் தொடங்கிய இடம். 1565இல் எக்மொன்ட் பிரபு வாங்கினார். மூன்றே ஆண்டில், 1568 ஜூன் 5ஆம் திகதி, அப்போது அந்நாட்டை ஆண்ட ஸ்பானிய ஆட்சி அவரைப் பிரசல்ஸ் சதுக்கத்தில் தலை வெட்டிக் கொன்றது. இன்று காணும் கட்டடத்தின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆர்கொனாத்தி விஸ்கொன்தி சீமாட்டி புதுப்பித்தது. அவர் 1921இல் அதை அரசுக்கே கொடுத்துவிட்டார். சோலை 49 ஹெக்டேயர், உள்ளே நடக்கக் கட்டணம் இல்லை. மாளிகைக்கும் தோட்டக் காட்சியகத்துக்கும் சீட்டு வேண்டும். அந்தத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். பேரி, அப்பிள் மரங்களைச் சுவரோடு விசிறிபோலப் படரவிட்டுக் கட்டியிருப்பார்கள். பகல் வெயிலைச் செங்கல் வாங்கி வைத்து இரவில் மெல்ல விடும். குளிர் நாட்டில் பழம் பழுக்கச் செய்யும் பழைய உத்தி இது.

இரண்டாவது மெய்சே தாவரவியல் பூங்கா, 92 ஹெக்டேயர். நடுவில் பூக்ஹௌட் மாளிகை. மெக்சிகோவின் பேரரசியாக இருந்த பெல்ஜிய இளவரசி ஷார்லொட், 1879 முதல் 1927இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். மழை நாளில் போக இதைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் கண்ணாடி வீடுகள் பெரியவை. கிழக்கே லிம்பர்க் மாகாணப் பக்கம் போகிறவர்களுக்கு அல்டன் பீசன். 1220இல் டியூட்டன் மறவர் சபை என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவ வீரத் துறவிகளின் அமைப்பு நிறுவிய இடம். 1971 மார்ச் 8ஆம் திகதி தீயில் எரிந்தது, பிறகு அரசு எடுத்துத் திருத்தியது.

ஒரே நாளில் இரண்டு காஸ்டேல் வேண்டாம். ஒன்றைச் சுற்றவே மூன்று மணித்தியாலம் தேவை.

போன வருடம் மகன் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மணித்தியாலப் பயணம், வாசலில் பூட்டு. எந்த நாளில் போனால் திறந்திருக்கும்?
– ஓர் அம்மா, அலஸ்தோட்டம்

உங்களுக்கு நடந்ததுதான் அதிகம் பேருக்கு நடக்கிறது அம்மா. சோலைக்கு ஒரு நேரம், மாளிகைக்கு ஒரு நேரம். இதை அறியாமல் போவதால் வருகிற வினை.

அரசு நடத்தும் மாளிகைகள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடும். குளிர்காலத்தில் உள்ளே விடாதவையும் உண்டு. குடும்பம் இன்னும் குடியிருக்கும் வீடுகள் வேறு வகை. கென்ட் நகருக்கு அருகில், லெய்ய ஆற்றின் வளைவில் நிற்கும் ஓய்டோங்க் அப்படியானது. கோடைப் பருவத்தில் பெரும்பாலும் ஞாயிறு பிற்பகல்தான் உள்ளே விடுகிறார்கள். காலையில் போனால் தோட்டத்தோடு திரும்ப வேண்டியதுதான். மூன்றாவது வகை, திருத்த வேலை நடப்பவை. சாரம் கட்டினால் வருடக்கணக்கில் மூடியிருக்கும். பிரசல்ஸுக்குத் தெற்கே மூன்று கோபுரத்தோடு நிற்கும் பேர்செல் போன்ற பழைய செங்கல் கட்டடங்களுக்குப் போகுமுன் அந்தந்த இடத்து இணையத்தளத்தில் அதே கிழமையில் பாருங்கள். பழைய பயணக் கையேட்டை நம்ப வேண்டாம்.

செப்டெம்பரில் அங்கே இருந்தால் இரண்டாவது ஞாயிறை ஒதுக்கி வையுங்கள். பிளாண்டர்ஸ் முழுவதும் மரபுரிமைச் சின்னங்களைத் திறந்துவிடும் நாள் அது. மற்ற நாளில் கதவே திறக்காத தனியார் வீடுகள் சிலவும் அன்றைக்குத் திறக்கும். சில இடங்களுக்கு முன்பதிவு வேண்டும்.

பலகையில் 'கெஸ்லோட்டன்' என்றிருந்தால் மூடியுள்ளது. 'ப்ரிவே' என்றிருந்தால் தனியார் நிலம், அந்தப் பாதையில் கால் வைக்கக்கூடாது. மொழிக்குப் பயப்பட வேண்டாம். நாம் சொல்லும் கந்தோரும் போஞ்சியும் அந்த ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தவைதான்.

கார் இல்லை. பஸ்ஸில் போக முடியுமா?
– மாணவி, லிங்கநகர்

முடியும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாட்டுப்புற பஸ் மிகக் குறைவு. அழைத்தால் மட்டும் வரும் சிறு பஸ்களும் உண்டு. 'ஹொப்பின்' என்ற செயலியிலோ தொலைபேசியிலோ முன்பதிவு செய்யாமல் தரிப்பிடத்தில் நின்றால் எதுவும் வராது. போகும்போதே திரும்பி வரும் பஸ்ஸையும் பதிந்துவிடுங்கள்.

அதைவிட எங்கள் பரிந்துரை: ரயில் நிலையம்வரை ரயில், அங்கிருந்து வாடகைச் சைக்கிள். சந்திகளுக்கெல்லாம் இலக்கம் போட்ட சைக்கிள் பாதை வலை பிளாண்டர்ஸ் முழுக்க ஓடுகிறது. 1995இல் லிம்பர்க்கில் தொடங்கியது. ஹியூகோ பொல்லன் என்ற சுரங்கப் பொறியியலாளரின் யோசனை. கடக்க வேண்டிய சந்தி இலக்கங்களை ஒரு துண்டில் வரிசையாக எழுதிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்தியிலும் அடுத்த இலக்கத்துக்கு அம்புக்குறி இருக்கும். பிழை நடப்பது ஓரிடத்தில்தான்: பேசிக்கொண்டே போய் ஒரு பலகையைத் தவறவிடுவது. இரண்டு கிலோமீற்றர் ஓடியும் அம்புக்குறி காணவில்லை என்றால் முன்னே போகாமல் கடைசிச் சந்திக்குத் திரும்புங்கள்.

எனக்கு முழங்கால் வருத்தம். பேரப்பிள்ளையின் தள்ளுவண்டியும் இருக்கிறது. சமாளிக்கலாமா?
– வாசகி, பாலையூற்று

சோலையில் சமாளிக்கலாம். உள்ளே கடினம். கோபுரப் படிகள் சுழன்று போகும், உட்பக்கம் விரல் நீளத்துக்கு ஒடுங்கிவிடும், பல இடங்களில் பிடிகயிறு மட்டுமே. முற்றத்தில் உருட்டுக்கல் பதித்திருப்பார்கள், சின்னச் சில்லு வண்டி நகராது. பெரிய சில்லு வண்டி கொண்டுபோங்கள். செருப்பு வேண்டாம், அடிப்பக்கம் பள்ளம் வெட்டிய சப்பாத்து வேண்டும். மழைக்குப் பிறகு மரச்சாலை சேறாகிவிடும். மலசலகூடத்துக்குச் சில்லறை வைத்திருங்கள். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம், டிசெம்பரில் ஐந்து மணிக்கு முன் இருட்டு. இதை வைத்து நேரம் வகுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே புல்லில் உட்கார்ந்தால் உண்ணி கடிக்குமாம். உண்மையா?
– இரு பிள்ளைகளின் தாய், சாம்பல்தீவு

உண்மை, அலட்சியம் செய்யக்கூடாத விடயம். சில உண்ணிகள் லைம் என்ற நோயின் கிருமியைச் சுமக்கும். வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம்வரை உயர்ந்த புல்லிலும் காட்டோரத்திலும் இருக்கும். வெட்டிய புல்தரையில் ஆபத்து குறைவு. நீளக் காற்சட்டையை மேசுக்குள் செருகுங்கள். வீடு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். எள்ளைவிடச் சிறியதாகக்கூட இருக்கும்.

கண்டால் எண்ணெயோ மதுசாரமோ ஊற்றாதீர்கள். நெருப்பும் காட்டாதீர்கள். கலவரப்பட்ட உண்ணி வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடலாம். நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, நசுக்காமல் நேராக மெல்ல இழுங்கள். பிறகுதான் மருந்து தடவ வேண்டும். எவ்வளவு விரைவில் எடுக்கிறீர்களோ அவ்வளவுக்குத் தொற்று வாய்ப்புக் குறைவு. திகதியைக் குறித்துவைத்து ஒரு மாதம் அந்த இடத்தைக் கவனியுங்கள். சிவப்பு வட்டமாக விரிந்தால், நோகாவிட்டாலும் மருத்துவரிடம் போங்கள். ஊர் திரும்பிய பின் தெரிந்தால், ஐரோப்பாவில் உண்ணி கடித்தது என்று மருத்துவருக்குச் சொல்லுங்கள். நம் ஊரில் அந்த நோய் உடனே நினைவுக்கு வராது.

மே முதல் ஜூலைவரை ஓக் மரங்களில் வரிசையாக ஊரும் மயிர்க்கொட்டியும் உண்டு, லிம்பர்க், ஆண்ட்வெர்ப் பக்கம் கூடுதலாக. அதன் மயிர் காற்றில் வந்தே அரிக்கும். எச்சரிக்கைப் பலகை கட்டிய மரத்தடியில் பாய் விரிக்காதீர்கள். அரித்தால் தேய்க்காமல் கழுவுங்கள்.

ஏன் இந்த வீடுகளைத் தண்ணீருக்குள் கட்டினார்கள்? ஈரத்தில் இடிந்துவிடாதா?
– கட்டட ஒப்பந்தகாரர், மூதூர்

குன்று இல்லாத சமதரை. எதிரியைத் தள்ளிவைக்க இருந்த வசதி ஓடையும் சேற்று நிலமும்தான். கல்லும் அருமை, களிமண் தாராளம், ஆகவே செங்கல். சுவரை நெருங்கிப் பார்த்தால் சிவப்புச் செங்கலுக்கிடையே வெள்ளை மணற்கல் பட்டைகள் கிடையாக ஓடும். இறைச்சியும் கொழுப்பும் மாறி மாறித் தெரியும் பன்றி இறைச்சித் துண்டை வைத்து அந்தப் பட்டைக்கு 'ஸ்பெக்லாக்' என்று பெயரிட்டார்கள்.

இடிவதைப் பற்றிக் கேட்டீர்கள். பல அகழி வீடுகள் மரத்தூண்களை இறக்கி அவற்றின்மேல் எழுப்பியவை. முழுக்க நீருக்குள் இருக்கும்வரை காற்றுப் படாது, பூஞ்சை பிடிக்காது, மரம் நூற்றாண்டுக்கணக்கில் நிற்கும். நீர்மட்டம் இறங்கித் தூணின் தலை வெளியே தெரிந்தால்தான் உக்கல் தொடங்கும், சுவர் வெடிக்கும். ஆகவே வறட்சிதான் அந்த வீட்டுக்கு எதிரி. நீர்மட்டத்தைக் காக்கப் பாலத்தடியில் சிறிய மதகு இருக்கும், தேடிப் பாருங்கள்.

ட்ரோன் பறக்கவிடலாமா?
– இளைஞர், நிலாவெளி

அனுமதி இல்லாமல் வேண்டாம்.

அகழியிலுள்ள வாத்துகளுக்குப் பேரன் பாண் போட ஆசைப்படுகிறான். போடலாமா?
– தாத்தா, தம்பலகாமம்

போடவேண்டாம் ஐயா. எஞ்சிய பாண் அடியில் அழுகி நீரிலுள்ள ஒட்சிசனைக் குடித்துவிடும். கோடையில் அப்படிச் சூடேறிய தேங்கிய நீரில் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சுக் கிருமி பெருகி, வாத்துகள் கழுத்துத் தொங்கிச் சாகும். பேரனுக்கு வேறொன்றைக் காட்டுங்கள். அகழி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் உயரமான ஒரு பறவை அசையாமல் நிற்கும். உங்கள் வயலுக்கு வரும் அதே சாம்பல் நாரைதான், இனம்கூட ஒன்று. பத்து நிமிடம் சத்தம் போடாமல் நின்றால் அது மீன் பிடிப்பதைப் பார்த்துவிடலாம்.